டபோலிமா, மோபாவா? கோவாவின் இரண்டு விமான நிலையங்கள்

கோவாவுக்கு டிக்கெட் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கட்டணத்தை அல்ல, மூன்றெழுத்துக் குறியீட்டை. ஜி.ஓ.ஐ. என்றால் டபோலிம், ஜி.ஓ.எக்ஸ். என்றால் மோபா. ஊர்ப்பெயர் இரண்டுக்கும் ‘கோவா’ என்றே வரும். ஆனால் ஒன்று தெற்கே வாஸ்கோவை ஒட்டி இருக்கிறது, மற்றொன்று வடக்கே மகாராஷ்டிர எல்லையில். நடுவில் சாலை வழியாக 60 கிலோமீட்டருக்கு மேல். ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று மாற்றிப் பதிவு செய்துவிட்டு, இறங்கியபின் டாக்ஸிக்கு அதைவிடப் பல மடங்கு அழுகிறவர்கள் ஏராளம்.

சுமார் 15 லட்சம் பேர் வாழும் ஒரு மாநிலத்துக்கு எதற்கு இரண்டு விமான நிலையம்? டபோலிம் பழசு, மோபா புதுசு என்பது மேலோட்டமான பதில். டபோலிமின் டெர்மினல் ஒன்றும் ஓட்டை உடைசல் இல்லை. இப்போதிருக்கும் கட்டடம் 2013-இல் திறந்ததுதான். சிக்கல் நேரத்தில் இருக்கிறது. டபோலிமின் ரன்வே எந்த மணிக்கு யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது கடற்படை.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். டபோலிமைக் கட்டியது போர்ச்சுகீசியர்கள். 1950-களின் நடுவில் இந்தியா கோவாவைச் சுற்றிப் பொருளாதாரத் தடையை இறுக்கியது. தரைவழி அடைபட்டதும் வான்வழி தேவைப்பட்டது. 1955-இல் இந்த மேட்டு நிலத்தில் விமான நிலையம் திறந்தார்கள். அப்போதைய கவர்னர் ஜெனரல் பெனார்ட் கெடஸ் பெயரையே அதற்கு வைத்தார்கள். ‘டைப்’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட போர்ச்சுகீசிய இந்தியாவின் சொந்த விமான நிறுவனமும் கூடவே பிறந்தது. டாமன், டையூ, கராச்சி என்று அது பறந்தது. ஆக, இந்த ரன்வே பிறக்கும்போது பயணிகளுக்கானது. பின்னால் வந்த தகராறுகளில் இந்த விஷயத்தை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

1961 டிசம்பர் 18 காலையில் இந்திய விமானப்படையின் 12 கான்பரா குண்டுவீச்சு விமானங்கள், விங் கமாண்டர் என்.பி. மேனன் தலைமையில், டபோலிம் ரன்வேயின் மீது 63,000 பவுண்டு எடையுள்ள குண்டுகளைப் போட்டன. ரன்வேயை மட்டும் உடை, கட்டடங்களைத் தொடாதே என்பது உத்தரவு. நின்றிருந்த இரண்டு பயணிகள் விமானங்களும் அதனால் தப்பின. அன்றிரவே, குழிவிழுந்த ரன்வேயில் மிஞ்சியிருந்த நீளத்தை வைத்துக்கொண்டு, இருட்டில் விளக்கைக்கூடப் போடாமல், இரண்டும் கிளம்பிக் கராச்சிக்குப் போய்விட்டன. அந்த விமானிகள் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும் ஒரு சபாஷ் போடத்தான் வேண்டும்.

மறுநாள் கோவா இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஏப்ரலில் விமான நிலையம் கடற்படையின் கைக்குப் போனது. குண்டு போட்டது விமானப்படை, எடுத்துக்கொண்டது கடற்படை. அதற்கும் காரணம் உண்டு. விமானந்தாங்கிக் கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது அதன் போர் விமானங்கள் கப்பலிலிருந்து பறக்க முடியாது. பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் கரையில் ஒரு தளம் வேண்டும். ‘விக்ராந்த்’ வந்த புதிதில் அந்தத் தளம் எங்கே இருந்தது தெரியுமா? நம் கோயம்புத்தூர் பக்கத்துச் சூலூரில். ‘ஐ.என்.எஸ். ஹன்சா’ என்ற பெயரில் கடற்படை விமானத்தளம் 1961 செப்டம்பர் 5-இல் தொடங்கப்பட்டதே சூலூரில்தான். கடலே கண்ணில் படாத ஊரில் கடற்படை ஜெட்டுகள்! கோவா கிடைத்ததும் 1964-இல் ஹன்சா பெட்டி படுக்கையோடு டபோலிமுக்குக் குடிபெயர்ந்தது. அதன் சீ ஹாக், அலிஸே விமானங்களை இன்றும் பார்க்கலாம். டபோலிமிலிருந்து சில நிமிடத்தில் போக்மாலோவில் கடற்படை விமான அருங்காட்சியகம் இருக்கிறது. திறந்தவெளியில் ஒரு சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானமும் நிற்கிறது. ஏர் இந்தியாவில் பயணிகளை ஏற்றிய வகை, பிறகு கடற்படையின் ரோந்துக்கு உழைத்தது. திரும்பும் விமானம் பிற்பகலில் என்றால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

டபோலிம் விமானம் பெரும்பாலும் ஏன் பிற்பகலில் என்பதுதான் அடுத்த விஷயம். வார நாட்களில் காலை 8.30 முதல் பகல் 1 மணி வரை ரன்வே கடற்படைப் பயிற்சிக்கு என்பது டபோலிமின் நெடுநாள் ஏற்பாடு. மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் மோட்டார் போடும் நேரத்தில் மட்டும் கீழ்வீட்டுக் குழாயில் தண்ணீர் வருமே, அந்தக் கதைதான். நாலரை மணி நேரம்தானே என்று தோன்றும். விமான நிறுவனத்தின் கணக்கு வேறு. காலையில் சென்னையிலோ பெங்களூரிலோ கிளம்பும் விமானம் பத்து மணிக்குக் கோவா, பன்னிரண்டுக்கு மறுபடி ஊர் என்று சுற்றினால்தான் ஒரு நாளில் ஐந்தாறு ஓட்டம் ஓடிக் காசு பார்க்க முடியும். அந்தச் சுற்று டபோலிமில் நடக்காது. எனவே பெரும்பாலான விமானங்கள் பகல் ஒரு மணிக்குப் பிறகும் இரவிலும் வந்து குவியும். காலையில் ஈயாடும் டெர்மினலில் மூன்று மணிக்குப் பாதுகாப்புச் சோதனை வரிசை வளைந்து வளைந்து நிற்பது இதனால்தான். இந்த நெருக்கடியிலும் 2018-19-இல் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகளை டபோலிம் சமாளித்தது என்றால் ஆச்சரியப்படத்தான் வேண்டும்.

கடற்படையையும் குறை சொல்ல முடியாது. அங்கே நடப்பது அணிவகுப்பு இல்லை. மிக்-29கே விமானங்களின் தளம் அது. கப்பலின் வளைந்த தளத்தைப் போலவே ஒரு சறுக்கு மேடையைத் தரையில் கட்டி வைத்திருக்கிறார்கள். கப்பலில் இறங்குவதற்கு முன் விமானிகள் அங்கேதான் கை பழகுகிறார்கள். தேஜஸ் போர் விமானத்தின் கடற்படை வகை, கம்பியைக் கொக்கியால் பிடித்து நிற்கும் தரையிறக்கத்தை 2019 செப்டம்பரில் முதலில் செய்து காட்டியது அங்கேதான். கடல் ரோந்துக்கான பி-8ஐ விமானங்களின் இரண்டாவது அணியும் 2022-இல் அங்கே வந்து சேர்ந்தது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடும் கடற்படையிடம்தான். பயணி ஜன்னல் வழியே போர் விமானம் பார்க்கலாம், படம் எடுக்கக் கூடாது.

ஒரே ரன்வேயில் இருவர் என்றால் ஒருவருக்குத் தும்மல் வந்தாலும் இருவருக்கும் கதவடைப்பு. 2018 ஜனவரியில் ஒரு மிக்-29கே ரன்வேயை விட்டு விலகிப் போய்த் தீப்பிடித்தது. விமானி தப்பினார், நிலையம் மூடப்பட்டது. 2019 ஜூனில் மேலெழும்பும்போது இன்னொரு மிக்கின் எரிபொருள் தொட்டி கழன்று விழுந்தது. மறுபடி மூடல். எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 2016 டிசம்பர் 27-இல் 161 பேருடன் மும்பைக்குப் புறப்பட்ட ஜெட் ஏர்வேஸ் விமானம் ஓட்டத்தின்போதே ரன்வேயை விட்டு விலகியது. உயிரிழப்பு இல்லை. ஆனால் பயணிகளோடு கடற்படையும் சேர்ந்து காத்திருந்தது.

இப்போது மோபா. வரலாறு என்று சொல்ல அதற்கு அதிகமில்லை, வழக்கு நிறைய உண்டு. 2000-இல் மத்திய அமைச்சரவை மோபாவுக்குக் கொள்கை அளவில் தலையாட்டியபோது, அது வந்தால் டபோலிமில் பயணிகள் விமானம் நிறுத்தப்படும் என்ற நிபந்தனையும் சேர்ந்தே இருந்தது. தெற்குக் கோவா கொதித்தது. ஹோட்டல்காரர்கள், டாக்ஸிக்காரர்கள், கட்சிக்காரர்கள் என எல்லோரும் ஒரே குரலில் எதிர்த்தார்கள். 2010-இல் அந்த நிபந்தனையைக் கைவிட்டு, இரண்டும் ஓடட்டும் என்று முடிவானது. அடிக்கல் 2016 நவம்பரில். சுற்றுச்சூழல் அனுமதியை உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் நிறுத்திவைத்து, 2020 ஜனவரியில் தடையை நீக்கியது. அந்தச் செம்பாறை மேட்டில் ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டன. ஊற்றுகள் பற்றியும் மேய்ச்சல் நிலம் பற்றியும் ஊர்க்காரர்கள் எழுப்பிய கேள்விகள் ரன்வே போட்டு முடித்ததால் தீர்ந்துவிடவில்லை. 2022 டிசம்பர் 11-இல் திறப்பு விழா. 2023 ஜனவரி 5-இல் ஹைதராபாத்திலிருந்து இண்டிகோ முதலில் வந்து இறங்கியது. பெயர் மனோகர் சர்வதேச விமான நிலையம். பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கரின் பெயர், பாதுகாப்புத் துறையின் நேரக் கட்டுப்பாடு இல்லாத நிலையத்துக்கு.

மோபாவின் பலம் இதுதான்: 24 மணி நேரமும் ரன்வே பயணிகள் விமானத்துக்கே. முதல் கட்டத்தில் ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகள் என்ற திட்டம். 2,100 ஏக்கருக்கு மேல் நிலம் இருப்பதால் விரிவாக்கத்துக்கு இடம் கிடக்கிறது. டபோலிமிலோ சுற்றிலும் கடற்படை வேலி, ஒரு விமானம் கூடுதலாக நிறுத்த வேண்டும் என்றாலும் பேச்சுவார்த்தை. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரிகிறது. ஓமன் ஏர் மாறியது. 2024 ஜூனில் கத்தார் ஏர்வேஸும் டபோலிமிலிருந்து மோபாவுக்கு மாறியது. மோபாவில் எல்லாம் சுகம் என்றும் நினைக்க வேண்டாம். 2024 மே மாதம் மின்னல் தாக்கி ரன்வே ஓர விளக்குகள் பழுதாகி, ஆறு விமானங்களைத் திருப்பிவிட வேண்டியதாயிற்று.

சரி, பயணிக்கு எது? போகும் இடத்தைச் சொல்லுங்கள், நான் நிலையத்தைச் சொல்கிறேன். அரம்போல், மாந்த்ரெம், மோர்ஜிம் என்றால் யோசிக்காமல் மோபா. அரை மணி, முக்கால் மணியில் கடற்கரை. வாகத்தோர், அஞ்சுனாவுக்கும் மோபாவே. கொல்வா, பெனாலிம், மட்காவ் என்றால் டபோலிம். 25 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். பலோலெம் போகிறவர் மோபாவில் இறங்கினால் கோவாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் போக வேண்டும். பணஜியும் கலங்குட்-பாகாவும்தான் இரண்டும்கெட்டான். பணஜிக்கு டபோலிம் சற்றுப் பக்கம், பாகாவுக்கு மோபா சற்றுப் பக்கம். அங்கே போகிறவர்கள் மட்டும் கட்டணத்தையும் நேரத்தையும் வைத்து முடிவெடுக்கலாம்.

டாக்ஸி விஷயத்தை ஒதுக்கிவிட முடியாது. கோவாவில் ஓலா, ஊபர் கால் ஊன்ற முடியாதபடி உள்ளூர் டாக்ஸிக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். ப்ரீபெய்ட் கவுண்டர், இல்லையென்றால் ‘கோவா மைல்ஸ்’ செயலி. மோபாவிலிருந்து பணஜி, மட்காவ், கலங்குட் பக்கம் கதம்பா நிறுவனத்தின் மின்சாரப் பேருந்து ஓடுகிறது. தனியாகப் போகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். குடும்பத்தோடு இரவு பதினொரு மணிக்கு இறங்குகிறவர்கள், தெற்கே போவதாக இருந்தால், மோபாவைத் தவிர்ப்பது நல்லது. ரயில் வசதியைப் பார்த்தால் டபோலிம் பக்கம் வாஸ்கோ பாதை, மோபா பக்கம் கொங்கண் ரயில்வேயின் பெர்னெம், திவிம். இரண்டிலும் ரயில் நிலையத்துக்குப் போக மறுபடி வண்டிதான் பிடிக்க வேண்டும்.

டபோலிம் நிலைக்குமா என்ற கேள்வி கோவாவில் ஓயவில்லை. 2008-இல் ஷம்ஷாபாத் திறந்ததும் ஹைதராபாத்தின் பேகம்பேட்டிலும், தேவனஹள்ளி திறந்ததும் பெங்களூரின் எச்.ஏ.எல். நிலையத்திலும் வழக்கமான பயணிகள் சேவை நிறுத்தப்பட்டது. புதிய நிலையத்தை நடத்துபவரோடு போட்ட ஒப்பந்தமே அப்படி. கோவாவில் அப்படி மூட வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் டபோலிமுக்கு ஆபத்தே இல்லை என்று அமைச்சர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். என் சந்தேகம் வேறு இடத்தில். மோபாவை நடத்தும் தனியார் நிறுவனமான ஜி.எம்.ஆர்., மொத்த வருவாயில் 36.99 சதவீதத்தை மாநில அரசுக்குத் தருவதாகச் சொல்லித்தான் ஏலத்தில் வென்றது. டபோலிம் டெர்மினலை நடத்துவதோ மத்திய அரசின் விமான நிலைய ஆணையம். ஒவ்வொரு விமானமும் மோபாவுக்கு மாறினால் மாநிலக் கஜானாவுக்கு லாபம். அப்படியிருக்க, டபோலிமுக்காக அரசு எவ்வளவு தூரம் மல்லுக்கட்டும்?

கடற்படை அந்தக் காலை நேரத்தை விட்டுத்தந்தால் கதை மாறும். அது நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பயிற்சிக்குப் பகல் வெளிச்சம் வேண்டும், விமானந்தாங்கிகள் இப்போது இரண்டு. ஆகவே தெற்குக் கோவாக்காரர்கள் கவனிக்க வேண்டியது அமைச்சரின் அறிக்கையை அல்ல, ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் கடைசியில் அமலுக்கு வரும் குளிர்கால அட்டவணையை. அதில் டபோலிமுக்கு எத்தனை விமானம், எந்த நிறுவனம் என்று பார்த்தால் போதும். பயணிகளான நாமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஹோட்டல் அறையைப் பதிவு செய்ய வேண்டும்.