"30 நாளில் சவாரி ரெடி" என்பவரிடம் குதிரையை விடும் முன்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு நேட்டாலில் முரட்டுக் குதிரையோ இளங்குதிரையோ வாங்கிப் பழக்கக் கொடுக்க நினைக்கும் நம் ஆட்களுக்காக இந்தப் பதிவு. டொங்காட் பக்கம் ஒரு குடும்பத்துக்கு இந்த ஆண்டு நடந்ததை வைத்து எழுதுகிறோம். ஆளின் பெயரையும் இடத்தின் பெயரையும் போடவில்லை. அவர் செய்தது என்ன, எதைப் பார்த்திருந்தால் முன்பே பிடிபட்டிருப்பார் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

குதிரை மூன்றரை வயதுக் கெல்டிங் (விதையடித்த ஆண்), போயர்பெர்ட் என்ற உள்நாட்டு இனத்தின் கலப்பு, காக்ஸ்டாட் பக்கத்துப் பண்ணையில் பிறந்தது. ஹால்ட்டர் (வாயில் இரும்பில்லாத தலைக்கயிறு) மாட்ட விடும், முன்கால் தூக்க விடும், அதற்கு மேல் மனிதக் கை பட்டதில்லை. ஏப்ரல் கடைசியில், உள்நாட்டில் ஒரு லாயம் நடத்துபவரிடம் விட்டார்கள். 30 நாளில் முதுகில் ஆள், 90 நாளில் "பிள்ளைகள்கூட ஏறலாம்" என்பது பேச்சு. தீனி உட்பட மாதம் 6,500 ரேண்ட். எழுத்தில் ஒரு வரிகூட இல்லை.

வாரம் தவறாமல் வாட்ஸாப்பில் வீடியோ வந்தது. வளைய வேலிக்குள் குதிரை ஓடுகிறது, முதுகில் துணி போடுகிறார், சேணம் வைக்கிறார். குடும்பத்துக்குப் பரம திருப்தி. ஆகஸ்டில் எல்லாம் உடைந்த பிறகு அந்த வீடியோக்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஜூலை வீடியோவில் வேலிக்கு வெளியே புல் பச்சையாக இருக்கிறது. நேட்டால் உள்நாட்டில் ஜூலையில் மழை மிகக் குறைவு, உறைபனி விழுந்த புல் வைக்கோல் நிறத்தில் கிடக்கும். குதிரையின் ரோமமும் அப்படித்தான்: மே மாதத்திலேயே குளிர்கால ரோமம் அடர்ந்து வளரத் தொடங்கும், ஜூலையில் கரடிக்குட்டி மாதிரி இருக்க வேண்டியது வீடியோவில் வழவழவென்று மின்னுகிறது. பழக்குகிறவரின் சட்டையும் எல்லாவற்றிலும் ஒன்றே. வந்த முதல் வாரத்தில் இரண்டு நாள் படம் பிடித்து, மூன்று மாதத்துக்குத் துண்டு துண்டாக அனுப்பியிருக்கிறார்.

ஆகவே வீடியோ கேட்டால், அன்றைய தேதி காட்டும் ஏதாவது ஒன்றைச் சட்டகத்துக்குள் வைக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, சொல்லாமல் போய் நிற்பது. நேர்மையாகப் பழக்குகிறவர் வேலை நேரத்தில் வருகிறவரைத் திருப்பி அனுப்ப மாட்டார். "குதிரை கவனம் சிதறும், வராதீர்கள்" என்று முதல் வாரத்தில் சொன்னால் சரி. ஆறாவது வாரத்திலும் அதையே சொன்னால், கவனம் சிதறுகிற குதிரையைத்தான் உங்களுக்குத் திருப்பித் தரப்போகிறார்.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை ஒப்படைப்பு. "பாருங்க அங்கிள், ஆட்டுக்குட்டி மாதிரி" என்றாராம். குதிரை தலையைத் தொங்கப்போட்டு நின்றது, கீழுதடு தளர்ந்திருந்தது, கண்ணின் உள்மூலையில் மூன்றாம் இமை வெள்ளையாய்த் தெரிந்தது, ஆண்குறி உறையிலிருந்து இறங்கித் தொங்கியது. சேணம் போட்டு ஒருவர் ஏறி இரண்டு சுற்று நடத்திக் காட்டினார். அசையாமல் நின்றதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இந்த நான்கு அடையாளமும் சேர்ந்து வந்தால் அது அசிப்ரோமசின் போன்ற மயக்க மருந்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மாத்திரையாகத் தீனியில் கலந்து கொடுத்தால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும், பல மணி நேரம் நிற்கும். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆண் குதிரைகளில், குறிப்பாக விதையடிக்காதவற்றில், இறங்கிய ஆண்குறி மீண்டும் உள்ளே போகாமல் வீங்கிப்போவது நடந்திருக்கிறது. அசிப்ரோமசின் ஒரு நாள் மருந்து. ரெசர்பின், ஃப்ளூஃபெனசின் போன்றவை நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் குதிரையை மந்தமாக வைத்திருக்கும், கண்ணுக்கு அடையாளம் குறைவு. அதனால்தான் ஒப்படைப்பு நாளில் உங்கள் கால்நடை மருத்துவரை வைத்து ரத்தம் எடுத்துக் குளிர்பெட்டியில் பத்திரப்படுத்தச் சொல்கிறோம். பிரச்சினை வந்தால் ஆய்வகத்துக்கு அனுப்பலாம், வராவிட்டால் ஊற்றிவிடலாம். ரத்தம் எடுப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாலே பாதிப் பேர் மாத்திரை டப்பாவைத் திறக்க மாட்டார்கள்.

மருந்தே இல்லாமலும் சாதுவாக்கலாம். முந்தின நாளிலிருந்து தண்ணீர் காட்டாமல் இருப்பது ஒரு வழி. விடியற்காலையில் ஒன்றரை மணி நேரம் வட்டமாக ஓடவிட்டு நுரை தள்ளவைப்பது இன்னொரு வழி. ஆகவே சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். மார்பிலும் காதடியிலும் கை வைத்துப் பாருங்கள், ஈரமோ காய்ந்த உப்போ இருக்கக் கூடாது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். பிறகு ஒரு வாளித் தண்ணீரை முன்னால் வையுங்கள். வளர்ந்த குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 50 லிட்டர் குடிக்கும். ஆனால் ஒரே மூச்சில் வாளியைக் காலி செய்து அடுத்ததைத் தேடினால் காரணத்தைக் கேளுங்கள்.

மூன்றாம் நாள் வீட்டில் சேணம் போட்டார்கள். வயிற்றுப் பட்டையை ஒரே இழுப்பில் இறுக்கியதும் குதிரை முதுகை வில்லாய் வளைத்துத் துள்ளியது. பிடித்திருந்த பையனின் தோள்பட்டை இறங்கியது. பழக்குகிறவரைக் கூப்பிட்டால் "நீங்கள் கெடுத்துவிட்டீர்கள்" என்றார். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை.

பட்டையில்தான் பெரும்பாலான இளங்குதிரைகள் வெடிக்கும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மார்பைச் சுற்றி ஏதோ இறுகுவது, இரையாகும் பிராணிக்கு, பிடிபட்டுவிட்டோம் என்பதன் அடையாளம். அதைப் பயமில்லாததாக்கப் படிகள் உண்டு. முதலில் ஹால்ட்டரில் நிற்கவும், நடக்கவும், பின்வாங்கவும் பழகியிருக்க வேண்டும். பிறகு கையாலும் துணியாலும் உடம்பு முழுக்கத் தடவுவது. அப்புறம் நீளக் கயிறு ஒன்றை மார்பைச் சுற்றிப் போட்டு இருவிரல் அளவு இறுக்கி, குதிரை அசையாமல் மூச்சு விட்டதும் உடனே தளர்த்துவது. குதிரைக்குப் பாடம் புரிவது தளர்த்துகிற அந்த நொடியில். கை தாமதித்தால் அது திமிறியதற்குத்தான் பரிசு கிடைத்ததாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். அதன் பின் சேணமில்லாத வெறும் பட்டை, அதோடு 18 மீட்டர் விட்டமுள்ள வளைய வேலிக்குள் இரு பக்கமும் நடை, ஓட்டம். கடைசியில்தான் சேணம், பட்டையை ஒரு துளை இறுக்கி ஒரு சுற்று நடத்தி, இன்னொரு துளை இறுக்கி இன்னொரு சுற்று. இடப்பக்கம் கற்றதை வலப்பக்கமும் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். இடப்பக்கத்திலிருந்து மட்டுமே பழக்கியது, வலப்பக்கம் கோட்டு பறந்தாலே ஓடும். பாடம் ஒரு தடவைக்கு 20 நிமிடம் போதும், அரை மணியைத் தாண்டினால் இளங்குதிரைக்கு மூளை மூடிவிடும்.

இதை மருந்துக்குள் வைத்துச் செய்தால் என்ன ஆகும்? மயக்கத்தில் நின்றதை அது பாடமாக எடுத்துக்கொள்ளாது. தெளிந்த உடம்பில் பட்டை இறுகுவது அதற்கு முதல் தடவை. கட்டிப்போட்டு, அடித்து, களைக்கும்வரை திமிறவிட்டுப் பழக்குவதும் அதே கதைதான். குதிரை அடங்கினாற்போல் நிற்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். வேறு ஆள், வேறு இடம், வேறு நாள் என்றதும் வெளியே வரும்.

மருத்துவர் வந்து பார்த்ததில் கிடைத்த சான்றுகள் இவை. பின்கால் குளம்புக்கு மேல் மடிப்பில் கயிறு உரசிய வடு. முழங்கைக்குப் பின்னால் பட்டை தின்ற இடத்தில் வெள்ளை ரோமம். வாயோரத்தில் ஆறிய கிழிசல். மேல்தாடையில் கடைவாய்ப்பற்களுக்கு முன்னால் சிறு ஓநாய்ப்பல் பிடுங்கப்படாமல் இருந்தது. கடிவாளத்தின் இரும்பு நேராக அதில்தான் இடிக்கும், அதனால் தலையை உதறும், உதறுகிற குதிரைக்கு இன்னும் கடினமான கடிவாளம் மாட்டுவார்கள். மூன்றரை வயதில் முன்பற்களில் இரண்டாம் ஜோடி விழுந்து முளைக்கும் நேரம் வேறு. கடிவாளம் மாட்டும் முன் மருத்துவரிடம் வாயைக் காட்டியிருந்தால் போதும். அதற்குப் பழக்குகிறவர் பணமும் கேட்கவில்லை, குறைந்தபட்சம் பொய்யாவது சொல்லியிருக்கலாம்!

எடையைக் குடும்பம் முன்பே அளந்து எழுதி வைத்திருந்தது, அதுதான் காப்பாற்றியது. முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து அதையே அதனால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்தொடை முனை வரையான நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோவில் எடை ஏறக்குறைய வரும். போகும்போது சுற்றளவு 172, நீளம் 152, அதாவது சுமார் 378 கிலோ. வந்தபோது சுற்றளவு 162, அதாவது சுமார் 336. மூன்று மாதத்தில் 40 கிலோவுக்கு மேல் போயிருக்கிறது. அந்த உடம்புக்கு நாளொன்றுக்கு ஏழு கிலோவுக்குக் குறையாமல் டெஃப் அல்லது ஈரக்ரோஸ்டிஸ் என்ற புல்வகையின் உலர்புல் வேண்டும், லூசர்ன் (குதிரைமசால்) மேல்தீனி. தீனியில் மிச்சம் பிடித்த லாபமும் சரி, மெலிந்த குதிரை சாதுவாக நிற்பதும் சரி, இரண்டுமே அவருக்கு வசதி. முதுகெலும்பின் வளர்ச்சி ஐந்தரை வயதுவரை முடியாது என்பதால் இந்த வயதில் சுமையையும் கவனிக்க வேண்டும். சேணத்தோடு சேர்த்து குதிரையின் எடையில் 15 சதவீதம், அதாவது 378 கிலோ குதிரைக்கு 57 கிலோ, அதற்கு மேல் ஏற்றாதீர்கள். ஒப்படைப்பு நாளில் ஏறிக்காட்டியவர் 90 கிலோ இருப்பார்.

மே மாத பில்லில் ஆப்பிரிக்கக் குதிரை நோய்த் தடுப்பூசி என்று 900 ரேண்ட் போட்டிருந்தார். குதிரையின் கடவுச்சீட்டில் (அடையாளமும் ஊசியும் பதியும் புத்தகம்) அதற்கு ஒட்டுச்சீட்டோ, மருந்தின் தொகுதி எண்ணோ, மருத்துவர் கையெழுத்தோ இல்லை. இந்த ஊசி இரண்டு புட்டிகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் மூன்று வாரமாவது இடைவெளி, வழக்கமாகப் போடும் காலம் ஜூன் முதல் அக்டோபர் வரை. குலிகாய்டிஸ் என்ற கடிக்கும் சிறுபூச்சி மூலம் பரவும் இந்த நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது, நுரையீரல் வகை வந்தால் பெரும்பாலும் சாவுதான். கோடையின் கடைசியிலிருந்து முதல் உறைபனி வரை அந்தி சாய்வதற்கு முன்பே குதிரையை உள்ளே கட்டி, வெயில் ஏறிய பின்தான் வெளியே விட வேண்டும். ஊசி போட்ட நாட்களில் கடும் வேலை கூடாது. அதையும் கேட்டிருந்தால் அவர் ஊசி போடவில்லை என்பது தெரிந்திருக்கும், ஏனென்றால் ஓய்வு கொடுத்த வாரம் என்று ஒன்றுகூட அவர் கணக்கில் இல்லை.

இதைவிட மோசமானது பின்னால் வந்தது. பையன் அடிபட்ட வாரமே அவர் போன் செய்து, "ஆபத்தான குதிரை, வைத்திருக்காதீர்கள், 3,000 தருகிறேன்" என்றார். இது பழைய வழி. மூன்று மாதம் உங்கள் பணத்தில் தீனி தின்ற குதிரையைக் கால் விலைக்கு வாங்கி, உண்மையாகவே இரண்டு மாதம் பழக்கி, பிள்ளைகளின் குதிரை என்று நல்ல விலைக்கு விற்பார்கள். விற்கும்போது "ஃபுட்ஸ்டூட்ஸ்", அதாவது உள்ளது உள்ளபடி விற்பனை, என்று எழுதிக் கைகழுவுவார்கள். தெரிந்தே மறைத்த குறைக்கு அந்த வார்த்தை இந்நாட்டுச் சட்டத்தில் கேடயமாகாது.

பந்தயக் குதிரைப் பயிற்சியாளருக்குத் தேசிய குதிரைப் பந்தய ஆணையத்தின் உரிமம் வேண்டும். சவாரிக் குதிரை பழக்குவதற்கு அப்படி எந்தக் காகிதமும் தேவையில்லை, டர்பனின் கிரேவில் பந்தய மைதானத்தில் யாரைத் தெரியும் என்ற பேச்சை நம்பாதீர்கள். கொடுக்கும் முன் ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: எந்த நாளில் என்ன செய்து காட்டுவார், தீனி எத்தனை கிலோ, மருந்து எதுவும் உங்கள் அனுமதியில்லாமல் கொடுக்கக் கூடாது, எப்போது வேண்டுமானாலும் வரலாம், பாக்கி இருந்தாலும் குதிரையை நிறுத்திவைக்க மாட்டார். கடவுச்சீட்டின் நகல் போதும், அசல் உங்களிடமே இருக்கட்டும். ஒப்படைப்பின்போது மேய்ச்சல் வேலிக்குள் போய்ப் பிடிப்பதிலிருந்து காட்டச் சொல்லுங்கள், தயாராய்ச் சேணம் போட்டு நிற்கும் குதிரையைப் பார்த்துப் பயனில்லை. நான்கு காலும் தூக்கி, பட்டை இறுக்கி, இரு பக்கமும் சுற்றி, நிறுத்தி, பின்வாங்கி, இரு பக்கத்திலிருந்தும் ஏறி, அவர் ஆள் முதலில் ஓட்ட வேண்டும். பிறகு ஒரு வாரம் விட்டு, அறிவிக்காமல் போய் இன்னொரு முறை.

டொங்காட் குடும்பம் 14 நாள் கெடு வைத்து எழுத்தில் கோரிக்கைக் கடிதம் கையில் கொடுத்திருக்கிறது. மூன்று மாதக் கட்டணம் 19,500, ஊசி 900, மொத்தம் 20,400. சிறுவழக்கு நீதிமன்றத்தின் உச்சவரம்பு 20,000 ரேண்ட் என்பதால் 400ஐ விட்டுவிட்டார்கள். அங்கே வக்கீல் கிடையாது, நாமே பேச வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008 இன் 54ஆம் பிரிவு தரமற்ற சேவைக்கு நியாயமான பகுதியைத் திருப்பிக் கேட்க இடம் தருகிறது, கடிதத்தில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். எடைக் கணக்கும் மருத்துவரின் அறிக்கையும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான எஸ்.பி.சி.ஏ.வுக்கும் போயிருக்கின்றன, ஏனென்றால் அந்த லாயத்தில் இன்னும் ஏழு குதிரைகள் நிற்கின்றன.

கெல்டிங் இப்போது மேய்ச்சலில் இருக்கிறது. ஓநாய்ப்பல் எடுத்தாகிவிட்டது. செப்டம்பர் கடைசியில் ஹால்ட்டரிலிருந்து மீண்டும் தொடங்குவார்கள், கயிறு, துணி, வெறும் பட்டை என்று. புதிதாகப் பழக்குவதைவிட இதற்கு இரட்டிப்பு நாள் பிடிக்கும்.

அவருடைய விளம்பரம் நேற்றும் வந்தது. இந்த ஆகஸ்ட் தேதி, அதே சட்டை, வேலிக்கு வெளியே பச்சைப் புல்.