படபடப்புக்கு வைத்தியம் தேடி நான் போன இடங்கள்

வீட்டு முன்னறையில் ரவிக்கை தைத்துக் கொடுப்பது என் தொழில். பதினாறு வருடமாகத் தைக்கிறேன். போன வருடம் வைகாசி முகூர்த்த நேரம். ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டுத் துணியை மேசையில் விரித்து, கோடு போட்டுவிட்டுக் கத்தரியை எடுத்தேன். வெட்ட முடியவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது, விரல்கள் மரத்துப்போயின, மூச்சு பாதியிலேயே நின்றுவிட்டது. செத்துப்போகிறேன் என்றே நினைத்தேன். அந்தத் துணியை அப்படியே மடித்து, வேறு இடத்தில் தைத்துக்கொள்ளச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து சரியான வைத்தியம் கிடைக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. என்னைப் போல அலைகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஓடியது ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு. ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்தார்கள். 6,400 ரூபாய் ஆனது. "ஒண்ணுமில்லம்மா, கேஸ்தான்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பணம் போனதில் எனக்கு வருத்தமில்லை. நெஞ்சு வலி என்றால் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அடுத்த மாதம் அதே வலியோடு போனேன், அதற்கடுத்த மாதமும் போனேன். ஒருவர்கூட "ராத்திரி தூங்குறீங்களா, மனசுல ஏதாவது இருக்கா" என்று கேட்கவில்லை.

நடுவில் அத்தை என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினார். அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவர் ஒருவர்தான்.

பிறகு டவுனில் ஒரு மனநல மருத்துவரின் கிளினிக். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், நான்கு நிமிடத்தில் மூன்று மாத்திரை எழுதியாகிவிட்டது. எது எதற்கு, எத்தனை நாளைக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், குணமாகிவிட்டது என்றே நம்பினேன். இரண்டு மாதம் கழித்து, "இதெல்லாம் பழகிடும்டி, விட்டுடு" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டு மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். நான்கு ராத்திரி கண் மூடவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியது. அதில் ஒன்று குளோனாசிபாம் என்று பின்னால்தான் தெரிந்தது. உடனே அமைதிப்படுத்தும், ஆனால் சில வாரங்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும். நிறுத்துவதானால் மருத்துவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். அந்த மாத்திரை கெட்டது என்று நான் சொல்லவில்லை. இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த நான்கு ராத்திரி எனக்கு வந்திருக்காது.

ஐந்தாம் ராத்திரி, மணி இரண்டு. கணவருக்கு மில்லில் நைட் ஷிப்ட், பிள்ளைகள் தூங்குகிறார்கள். ரேஷன் கடைச் சுவரில் எப்போதோ பார்த்த 14416 நினைவுக்கு வந்தது. டெலி மானஸ் என்று பெயர். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று மத்திய அரசு தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண் முதலில் கேட்டது, "பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா?" அடுத்ததாக நேராகவே, "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்றார். தோணுது என்று சொல்லிவிட்டு அழுதேன். அதுவரை யாருமே கேட்காத கேள்வி அது. நான் அழுது முடிக்கும்வரை அவர் அவசரப்படவே இல்லை. அந்த மாத்திரைகளை இனி நானாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம், விடிந்ததும் அட்டைகளோடு மருத்துவரிடம் போக வேண்டும் என்றார். எங்கள் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு எங்கே சீட்டு வாங்க வேண்டும் என்று வழி சொன்னார். இரண்டு நாள் கழித்து, போனீர்களா என்று அவர்களே கூப்பிட்டும் கேட்டார்கள்.

விடிந்ததும் போனேன். எட்டு மணிக்குச் சீட்டு வாங்கிப் பதினொன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் உள்ளே இருந்த இளம் பெண் டாக்டர் அரை மணி நேரம் என்னோடு பேசினார். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாள் கொடுத்தார். மொத்தம் 27க்கு எனக்கு 17 வந்தது; எண் கூடினால் மனச்சோர்வு அதிகம் என்று அர்த்தம். பதற்றத்தோடு மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறது என்றார். தைராய்டும் ரத்த அளவும் பார்த்தார்கள். தைராய்டு சரியாக இருந்தது, ஹீமோகுளோபின் 9.2தான், அதற்கு இரும்புச்சத்து மாத்திரை. பிறகு மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் எஸ்சிட்டலோப்ராம் என்ற மாத்திரை 5 மில்லிகிராம், ஒரு வாரம் கழித்து 10. "முதல் வாரம் குமட்டும், படபடப்பு கொஞ்சம் கூடக்கூடச் செய்யலாம். நாலு வாரம் ஆகாம பலன் தெரியாது. சாகணும்ங்கற நினைப்பு அதிகமானா மட்டும் அந்த நிமிஷமே வந்துடுங்க" என்றார்.

அப்படியே நடந்தது. குமட்டியது, படபடப்பு கூடியது. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நான் பயந்து நிறுத்தவில்லை. முந்தைய கிளினிக்குக்கும் இதற்கும் நான் கண்ட வித்தியாசம் இதுதான். ஐந்தாவது வாரம் ஒரு மத்தியானம், கொக்கி வைத்துக்கொண்டிருக்கும்போது எனக்குப் பசித்தது. பல மாதம் கழித்துப் பசித்தது.

மாத்திரை பாதிதான். மீதி, செவ்வாய்க்கிழமை தோறும் வருகிற உளவியலாளரிடம் கிடைத்தது. மொத்தம் பன்னிரண்டு வாரம் போனேன். ஒரு நோட்டில் மூன்று பத்தி போடச் சொன்னார்: என்ன நடந்தது, என்ன நினைத்தேன், என்ன செய்தேன். எல்லாப் பக்கத்திலும் "துணியைக் கெடுத்துவிடுவேன்" என்றே எழுதியிருந்தது. மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரி மாடிப்படியில் என்னோடு கூடவே இரண்டு முறை வேகமாக ஏறி இறங்கினார். "இப்ப நெஞ்சு அடிக்குதா? செத்துட்டீங்களா?" என்றார். நெஞ்சு அடித்துக்கொண்டே உயிரோடு நிற்க முடியும் என்று என் உடம்புக்கு அன்றுதான் புரிந்தது. பிறகு வெட்டும் பயிற்சி. முதல் வாரம் பழைய வேட்டி, அடுத்து லைனிங் துணி, அடுத்து மலிவான ரவிக்கைத் துண்டு, அப்புறம் என் சொந்தப் பட்டு. படபடப்பு வந்தால் கத்தரியை வைத்துவிட்டு எழுந்து போகக் கூடாது, அது உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும்வரை நிற்க வேண்டும். முதல் தடவை இருபது நிமிடம் ஆனது. என் பட்டை வெட்டிய அன்று நான்கு நிமிடம்.

குறைகளும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். பேசுகிற இடத்தில் கதவுக்குப் பதில் திரைச்சீலைதான். வரிசையில் தெரிந்த முகம் இருக்குமோ என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சிகிச்சை விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்கு உரிமை கொடுத்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு கொஞ்சம் தைரியம் வந்தது. மாத்திரையால் கணவரோடு நெருக்கத்தில் நாட்டம் குறைந்தது. கேட்கக் கூச்சமாக இருந்தும் கேட்டேன். இந்த மாத்திரையில் பலருக்கு வருவதுதான், தொந்தரவாக இருந்தால் மாற்று உண்டு என்று சாதாரணமாகப் பதில் சொன்னார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்.

எனக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று இல்லை. என் நாத்தனாருக்கு இதே மாத்திரை ஆறு வாரத்தில் ஒன்றும் செய்யவில்லை, செர்ட்ரலின் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றிய பிறகுதான் தேறினாள். ஒரு வாடிக்கையாளர் மெடிக்கலில் வாங்கிக்கொள்கிறேன் என்று என்னிடம் மாத்திரைப் பெயர் கேட்டார். கொடுக்கவில்லை, 14416ஐ எழுதிக் கொடுத்தேன். தனியாரில் பேச்சு சிகிச்சைக்குப் போகிறவர்கள், அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று பார்த்துவிட்டுப் போங்கள். சின்னப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு ஆலோசகர் என்று போர்டு மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

போன மாதம் அதே தாளில் 5 வந்தது. இன்னும் ஆறு மாதமாவது மாத்திரையைத் தொடர வேண்டும், பிறகு மெதுவாகக் குறைப்போம் என்றிருக்கிறார்கள்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெகுநேரம் ஆகும். இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளையும் பழைய சீட்டுகளையும் ஒன்றுவிடாமல் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். முடிந்தால் யாரையாவது கூடக் கூட்டிப் போங்கள். என்னோடு அத்தை வந்தார்.