வெட்டெழுத்துக்கு நிறம்: இனாமலா, மெழுகுக் கிரேயானா?

மலேசியாவில் சுங்கை சிப்பூட் பக்கம் தோட்டத்துக் கோயில்களில் பித்தளைக் குத்துவிளக்கில் 'உபயம்' என்று வெட்டிய பெயர் நாளாக ஆக மங்கிவிடுகிறது. அதை வீட்டிலேயே நிறம் நிரப்பிப் பளிச்சென்று ஆக்கலாம். இனாமல் பெயிண்டை வைத்தா, மெழுகுக் கிரேயானை வைத்தா என்பதுதான் குழப்பம்.

செலவு: இரண்டும் சில ரிங்கிட்தான். இனாமலுக்குத் தின்னரும் (பெயிண்டைக் கரைக்கும் திரவம்) சேர்த்து வாங்க வேண்டும்.

சுலபம்: கிரேயானைத் தேய்த்து, மேலே படிந்ததைத் துணியால் துடைத்தால் வேலை முடிந்தது. நிறம் பிடிக்கவில்லையா, சுரண்டி எடுத்துவிடலாம். இனாமலுக்குப் பொறுமை வேண்டும். முதலில் எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தமாகப் போக்கவேண்டும், இல்லாவிட்டால் பெயிண்ட் உரிந்து வரும். மெல்லிய தூரிகையால் நிரப்பி, சற்று இறுகியதும் தின்னர் லேசாகத் தொட்ட துணியை அட்டையில் இறுக்கிச் சுற்றி மேலாகத் துடைக்கவும். தொளதொளத்த துணி பள்ளத்துக்குள் இருக்கும் நிறத்தையும் இழுத்துவிடும். அப்புறம் 24 மணி நேரமாவது காயட்டும்.

நீடித்து உழைப்பது: மெழுகு சூட்டில் இளகும், எண்ணெயில் கரையும். இனாமல் இரண்டையும் நன்றாகவே தாங்கும்.

எரியும் விளக்குக்கு இனாமல்தான், சந்தேகமே வேண்டாம். பெயர் கொடுத்த குடும்பத்துக்கு அந்த எழுத்து அவ்வளவு முக்கியம். சுவரில் மாட்டும் கேடயம், பெயர்ப்பலகைக்குக் கிரேயான் போதும்.