பழவேற்காட்டில் ‘சன்செட் க்ரூஸ்’ என்று யார் கேட்டாலும் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, எண்ணூர், மணலி பக்கம் இருப்பவர்கள் கவனத்துக்கு. “பழவேற்காடு ஏரியில் குடும்பத்தோடு சன்செட் க்ரூஸ், பிக்கப் டிராப் உண்டு, டீ ஸ்நாக்ஸ் உண்டு, கவர்ன்மென்ட் அப்ரூவ்டு” என்று ஒரு விளம்பரம் அபார்ட்மென்ட் குரூப், ஸ்கூல் பேரன்ட்ஸ் குரூப் என்று எல்லா வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. அரையாண்டு லீவு, பொங்கல் லீவு வந்தால் இன்னும் அதிகமாக வரும். தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். எங்களுக்குக் காட்டிய இடத்தில் க்ரூஸும் இல்லை, அப்ரூவலும் இல்லை. எங்கள் வீட்டில் 6,400 ரூபாய் போனது. பணத்தை விடுங்கள், கைக்குழந்தையோடு ஆட்களை அந்தப் படகில் ஏற்றி இருட்டப் போகிற நேரத்தில் அனுப்பியதை நேரில் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

திருச்சியிலிருந்து நாத்தனார் மகனோடு லீவுக்கு வந்திருந்தார். பிள்ளைகளுக்குப் படகில் போக வேண்டும் என்று ஆசை. முட்டுக்காட்டில் அரசு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984-லிருந்து படகுக் குழாம் நடத்துகிறது, ஆனால் திருவொற்றியூரிலிருந்து அங்கே போக ஊரையே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கடக்க வேண்டும். மாமியாருக்கு முழங்கால் வலி வேறு. பழவேற்காடு என்றால் மீஞ்சூர், பொன்னேரி தாண்டினால் வந்துவிடும். இந்த ஆட்கள் குறி வைப்பதே நம்மைப் போன்ற வடசென்னைக் குடும்பங்களைத்தான். பக்கத்தில் வேறு வழி இல்லை என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

விளம்பரத்தில் இருந்த படம் ஓலைக்கூரை போட்ட பெரிய படகு, மேலே சோபா, சுற்றிலும் தென்னை மரம். அது ஆலப்புழை ஹவுஸ்போட் படம் என்பது பிறகு தேடிப் பார்த்ததில் தெரிந்தது. பெரியவர்களுக்கு 1,200, குழந்தைகளுக்கு 800. நான் போன் செய்து லைசென்ஸ் இருக்கிறதா, லைஃப் ஜாக்கெட் உண்டா என்று இரண்டையும் கேட்டேன். “எல்லாம் பக்காவா இருக்கு மேடம், ஆளுக்கு ஒண்ணு புது ஜாக்கெட்” என்றார். லைசென்ஸ் நம்பரை மெசேஜில் அனுப்பச் சொன்னதற்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது, அதோடு சரி. பாதிப் பணம் முதலில், மீதி முந்தின நாள் இரவு, இரண்டும் ஜிபேயில். பணம் போன அக்கவுன்ட் கம்பெனி பெயரில் இல்லை, தனிநபர் பெயரில் இருந்தது.

இரண்டு மணிக்குத் தேரடியில் வேன் நிற்கும் என்றார்கள். மூன்றேகாலுக்கு வந்தது. அத்தையை உட்கார வைக்க ஒரு டீக்கடை பெஞ்சு கிடைத்தது புண்ணியம். டிசம்பர் கடைசியில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், நாலரைக்குப் படகு என்று சொன்னவர்கள் எங்களை ஏரிக்கரையில் இறக்கும்போது ஐந்தேகால் தாண்டிவிட்டது.

வேன் மீன் இறங்குகிற இடத்துக்கோ மார்க்கெட் பக்கமோ போகவில்லை. ஒரு சந்துக்குள் புகுந்து, வலை காயப்போட்டிருந்த வெட்டவெளியில் நிறுத்தினார்கள். படகுத்துறை என்று ஒன்றும் இல்லை, முட்டியளவு சேற்றில் இறங்கித்தான் படகுக்குப் போக வேண்டும். அங்கே நின்ற ஏஜென்ட் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னது இது: “வழியில யாராவது கேட்டா டூர்னு சொல்லாதீங்க. சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்கு அக்கரைக்குப் போறோம்னு சொல்லுங்க.” கவர்ன்மென்ட் அப்ரூவல் உள்ளவன் எதற்கு இதைச் சொல்லப் போகிறான்?

படகு, மீன்பிடிக்கப் போகிற சாதாரண பைபர் படகு. உள்ளே கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள், கட்டவும் இல்லை, ஆணி அடிக்கவும் இல்லை. வேனில் வந்தவர்களும் காரில் தனியாக வந்தவர்களும் சேர்ந்து இருபத்துமூன்று பேர். லைஃப் ஜாக்கெட் ஆறு.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர். ஜாக்கெட் போடாமல் லாஞ்சில் கால் வைக்க விடமாட்டார்கள் அங்கே. அவர் அந்த ஆறையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். ஆரஞ்சு நிறம் வெளுத்து மஞ்சளாகியிருந்தது. மூன்றில் பக்கிள் உடைந்து, அதற்குப் பதிலாக நைலான் கயிறு கோத்திருந்தது. ஒன்றை அமுக்கினார், தையல் விட்ட இடத்தில் உள்ளே இருந்த ஃபோம் பொடிப்பொடியாகக் கையில் கொட்டியது. விசில் எதிலும் இல்லை. குழந்தை சைஸ் ஒன்றுகூட இல்லை. என் சின்னவளுக்கு ஒன்றை மாட்டி, தோள் பட்டையைப் பிடித்து மெல்ல மேலே தூக்கிக் காட்டினார். ஜாக்கெட் அப்படியே அவள் காதைத் தாண்டி மேலே வந்துவிட்டது. “தண்ணியில விழுந்தா ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை மிதக்காது” என்றார். குழந்தைக்கான ஜாக்கெட் என்றால் தொடைக்கு நடுவே போய் முன்னால் மாட்டுகிற பட்டை இருக்க வேண்டும், தூக்கிப் பார்த்தால் தாடைக்கு மேல் ஏறக் கூடாது. எந்த ஊரில் எந்தப் படகில் ஏறினாலும் பிள்ளைகளுக்கு இதைச் செய்து பாருங்கள், அரை நிமிடம்கூட ஆகாது.

ஏஜென்ட் அசரவில்லை. “இடுப்பளவு தண்ணி சார், விழுந்தாக்கூட நடந்தே வந்துடலாம்.” பழவேற்காடு ஏரி பெரும்பாலான இடத்தில் ஆழம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அடியில் சேறு, கால் புதைந்தால் எடுக்க முடியாது. முகத்துவாரம் பக்கம் போனால் கடல் நீரோட்டம் இழுக்கும். அதே “இடுப்பளவு தண்ணி” ஏரியில்தான் 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் லீவுக்கு உல்லாசமாகப் போன குடும்பங்கள் படகு கவிழ்ந்து இருபது பேருக்கு மேல் செத்தார்கள், பெண்களும் குழந்தைகளுமாக. வடசென்னையில் என் வயதுக்காரர்கள் பலருக்கு அந்தச் செய்தி ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை வந்தது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோம் என்று பொய் சொல்லச் சொன்னதன் காரணம் இதுதான்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். “யம்மா, கொழந்தைங்கள வெச்சிக்கினு இதுல ஏறாத. இந்த ஆளு எங்க ஊர்க்காரன் இல்ல. பட்டணத்துல துட்டு வாங்கிக்கினு இங்க வந்து ஏத்துறான். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க பேருதான் கெடும்.” பிறகு விசாரித்ததில், படகு ஓட்டியவருக்கு ஒரு நடைக்கு ஏஜென்ட் கொடுப்பது இரண்டாயிரம் ரூபாய்தான் என்று தெரிந்தது. எங்கள் ஒரு குடும்பத்திடமே அதற்கு மூன்று மடங்கு வாங்கியிருக்கிறான். பழவேற்காட்டு மீனவர்கள் மேல் தயவுசெய்து பழி போடாதீர்கள்.

நாங்கள் ஏறவில்லை. வீட்டுக்காரர் மற்றவர்களிடமும் ஜாக்கெட்டைக் காட்டிப் பேசிப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தால் பாரம் முழுக்க மேலே ஏறிவிடும், பறவையைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் எழுந்தால் படகு சாயும் என்றார். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று நடந்ததும் அதுதான், விலங்கைப் பார்க்க ஆட்கள் ஒரு பக்கமாக நகர்ந்து படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். கேரளா தானூரில் 2023 மே 7 மாலை கவிழ்ந்ததும் இப்படி ஆளை அடைத்து, பொழுது சாய்ந்த பிறகு ஓட்டிய படகுதான். 22 பேர் செத்தார்கள், அதில் பாதிக்கு மேல் குழந்தைகள். இவர் சொன்னதைக் கேட்டு எங்களோடு வந்தவர்களில் ஒரு குடும்பம் மட்டும் இறங்கிவிட்டது. மற்றவர்களில் ஒருத்தர், “காசு கட்டிட்டு வந்திருக்கோம் சார், நீங்க பயந்தா நீங்க இருங்க, எங்களைக் கெடுக்காதீங்க” என்றார். கோபம் வரவில்லை எனக்கு. பிள்ளைகள் காலையிலிருந்து படகு படகு என்று குதித்திருக்கும், பாவம்.

படகு கிளம்பும்போது வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ஏஜென்ட் கையை விரித்தான். “நீங்களா ஏறலைன்னா நான் இன்னா பண்றது? நோ ரீஃபண்டுன்னு கீழ போட்டிருக்கோமே.” சரி, வேனையாவது எடுங்கள் என்றால், எல்லாரும் திரும்பி வந்த பிறகுதான் எடுப்பானாம். கழிப்பறை கிடையாது, விளக்கு கிடையாது, சொன்ன டீயும் ஸ்நாக்ஸும் கிடையாது. கொசு பிடுங்கியது. அந்த வலைக்கார அம்மாதான் அத்தையைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

ஒரு மணி நேர சவாரி என்று போன படகு ஏழரை வரை வரவில்லை. ஏஜென்ட் போனைக் காதில் வைத்தபடியே எங்களை விட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டான். கடைசியில் இன்னொரு மீன்படகு கயிறு கட்டி இதை இழுத்துக்கொண்டு வந்தது. இன்ஜின் விசிறியில் பழைய வலை சுற்றிக்கொண்டு நடு ஏரியில் நின்றுவிட்டதாம். படகில் ஒரு விளக்கு இல்லை. ஆட்கள் செல்போன் டார்ச்சை ஆட்டி ஆட்டி, வலை போட வந்த ஒருவர் கண்ணில் பட்டு இழுத்து வந்திருக்கிறார். குழந்தைகள் எல்லாம் நனைந்து நடுங்கின. எங்களைக் கெடுக்காதீங்க என்றவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாளே 1915-ல், தேசிய நுகர்வோர் உதவி எண்ணில், புகார் பதிவு செய்தேன். ஜிபே ரசீது, விளம்பரப் படம், “ஆளுக்கு ஒரு புது ஜாக்கெட்” என்று மறுபடி கேட்டு வாங்கிய வாட்ஸ்அப் மெசேஜ், படகின் போட்டோ எல்லாம் கொடுத்தேன். பிறகு ஏஜென்டிடமிருந்து போன், பாதிப் பணம் தருகிறேன், குரூப்பில் போட்டதை எடுத்துவிடுங்கள் என்று. எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நோ ரீஃபண்ட் என்று ஒரு வரி போட்டுவிட்டால் சட்டம் ஒன்றும் செய்யாது என்று இவர்கள் நினைக்கிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறைபாடான சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதே நியாயமற்ற வணிக முறைதான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட, கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது, சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. சின்னத் தொகைதானே என்று விட்டுவிடுபவர்களை நம்பித்தான் இந்தத் தொழில் நடக்கிறது.

கரையில் நிற்கும்போதே இப்படி ஆளை ஏற்றுவதைப் பார்த்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் இலவச எண் 1093-க்கு அழையுங்கள். எனக்கு அன்று அந்த எண் தெரிந்திருக்கவில்லை, அதனால் இங்கே போடுகிறேன். படகு கிளம்பிய பிறகு சண்டை போட்டுப் பயனில்லை, கிளம்புவதற்கு முன்பே கூப்பிட வேண்டும்.

பழவேற்காட்டுக்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. பகலிலேயே போங்கள், உங்கள் வண்டியில், யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காமல். டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கோட்டையில் இன்று மேடும் புதருமாகத்தான் மிச்சம், ஆனால் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் பார்க்க வேண்டிய ஒன்று. வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும், பிள்ளைகள் அசந்துவிடுவார்கள். ஊர்ப் பெண்கள் பனை ஓலையில் பின்னும் பெட்டிகள் நன்றாக இருக்கும், வாங்குங்கள். கலங்கரை விளக்கம் பக்கம் போகிற பாலத்தில் நின்றாலே ஏரி விரிந்து கிடப்பது தெரியும், மாலை வெயில் தண்ணீரில் இறங்குவதும் தெரியும். குளிர்காலத்தில் அதிர்ஷ்டம் இருந்தால் தூரத்தில் பூநாரைக் கூட்டமும் தெரியும். காசு கொடுக்காமலே.

அன்று அந்த வேனில் வந்தவர்கள், காரில் வந்து சேர்ந்துகொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்புங்கள். ஒரே ஆளால் ஏமாந்தவர்கள் சேர்ந்து ஒரே மனுவாக ஆணையத்தில் கொடுக்க வழி இருக்கிறது. படகு திரும்பி வந்தபோது எடுத்த வீடியோ யாரிடமாவது இருந்தால் அழித்துவிடாதீர்கள், அது கட்டாயம் வேண்டும்.