தீபாவளிப் பரிசைச் சுற்றும் பருத்தித் துணி: வாங்கலாமா?

பரிசுப் பொருளைச் சுற்றித் தருவதற்கென்றே சதுரமான பருத்தித் துணிகளைத் தைத்து விற்கும் சிறு தையலகம் ஒன்றிடம், கடந்த தீபாவளிக்கு முன் 50, 70, 90 சென்டிமீட்டர் என மூன்று அளவுகளில் இரண்டிரண்டு துணிகள் கொண்ட தொகுப்பை 540 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அதன்பின் பொங்கலும் சில திருமணங்களும் வந்துபோய்விட்டதால், அவை எப்படி உழைக்கின்றன என்று இப்போது சொல்ல முடியும்.

கடைகளில் கிடைக்கும் பளபளப்பான பரிசுத்தாள் பெரும்பாலும் காகிதமே அல்ல. மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மீது அலுமினியம் பூசியது. ஐயமிருந்தால் அதைக் கையில் இறுகக் கசக்கி விட்டுப் பார்க்கலாம்: காகிதம் கசங்கியபடியே கிடக்கும், படலமோ தானாக விரிந்துகொள்ளும். அப்படி விரிவதைப் பழைய பேப்பர் கடையில் எடுக்க மாட்டார்கள். உண்மையான காகிதமாக இருந்தாலும், செல்லோ டேப்பையும் ஜிகினாவையும் ஒட்டிய பிறகு அதன் கதியும் ஏறக்குறைய அதுதான்.

துணியில் சுற்றுவது ஜப்பானியரின் ஃபுரோஷிகி முறை. 2006இல் அந்நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யூரிகோ கொய்கே, பழைய பிளாஸ்டிக் (PET) பாட்டில்களிலிருந்து எடுத்த இழையால் நெய்த ஃபுரோஷிகியை அறிமுகப்படுத்தி, குப்பையைக் குறைக்க இதைப் பயன்படுத்துமாறு மக்களிடம் எடுத்துரைத்தார். அளவு பார்ப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது: துணியின் மூலைவிட்டம், பொருளின் நீண்ட பக்கத்தைப் போல மூன்று மடங்கு இருந்தால் போதும். அதன்படி 50 சென்டிமீட்டர் துணியில், நாவல்கள் பெரும்பாலும் வரும் டெம்மி அளவுப் புத்தகம் ஒன்று கச்சிதமாக அடங்குகிறது. 70 சென்டிமீட்டர் துணி 33 சென்டிமீட்டர் நீளமுள்ள பெட்டி வரை தாங்குவதால், இனிப்புப் பெட்டிக்குத் தாராளம். 90 சென்டிமீட்டர் துணி பட்டுப்புடவைப் பெட்டிக்கு மட்டுமே தேவைப்பட்டது, அதிலும் முடிச்சு பருத்துப்போய் அவ்வளவு அழகாக அமையவில்லை.

தையலில் குறையில்லை. வெறும் ஓவர்லாக்கோடு நிறுத்தாமல் நான்கு ஓரங்களையும் மடித்துத் தைத்திருப்பதால், பலமுறை துவைத்தும் நூல் பிரியவில்லை. ஆனால் புதுத் துணியில் கஞ்சி விறைப்பு அதிகம். முடிச்சு நிற்காமல் நழுவுகிறது. ஒருமுறை அலசி உலர்த்தியதும் அது சரியாகிவிட்டது என்றாலும், அந்த முதல் அலசலில் அரக்கு நிறத் துணி வாளித் தண்ணீர் சிவக்கும் அளவுக்குச் சாயம் விட்டது. அலசாமல் வெள்ளை வேட்டியைச் சுற்றிக் கொடுத்துவிடாதீர்கள். மைசூர்பாகுப் பெட்டியிலிருந்து கசிந்த நெய்க்கறை, சீயக்காய்த் தூளுக்குப் போய்விட்டது. என்னைச் சலிக்க வைத்தது வேறொன்று: குப்பையைக் குறைக்க வந்த இந்தப் பொருளை, ஒவ்வொரு துணியாகத் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

துணி திரும்பி வருமா என்பதில்தான் இந்தச் செலவின் நியாயம் அடங்கியிருக்கிறது. ஒருமுறை மட்டும் பயன்பட்டு யாரோ ஒருவரின் அலமாரியில் முடங்குமானால், பருத்தி விளைவிக்கவும் சாயமேற்றவும் செலவான தண்ணீரைப் பார்க்கும்போது, டேப் ஒட்டாத செய்தித்தாளே மேல். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பாமல் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுக்கும் வழக்கம் உள்ள வீடுகளுக்குள் இதற்குச் சிக்கலில்லை. எங்கள் அத்தை வீட்டுக்குப் போன துணி பொங்கலுக்கு வாழைப்பழச் சீப்போடு திரும்பி வந்தது. அலுவலக நண்பர்களிடமோ அதைத் திருப்பிக் கேட்க நாக்கு எழாது, அவர்களும் துணி பரிசோடு சேர்ந்தது என்றே எண்ணிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு மஞ்சப்பையே பொருத்தம். கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் நாணயம் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரத்தை 2022இல் வைத்தார்கள். அந்த விலைக்குக் கிடைக்கும் பையில் பரிசை இட்டுக் கொடுத்தால், மறுநாளே காய்கறி வாங்கவும் அது உதவும்.

ஆகவே முழுத் தொகுப்பும் வேண்டியதில்லை. அந்தத் தையலகம் துணிகளைத் தனித்தனியாகவும் விற்கிறது. 70 சென்டிமீட்டர் அளவில், சாயம் அதிகம் விடாத வெளிர் நிறத்தில் நான்கு வாங்கினால் ஒரு குடும்பத்தின் கொடுக்கல் வாங்கலுக்குப் போதும். அனுப்பும்போது பிளாஸ்டிக் உறை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.