அயர்லாந்து மூதாதையர் ஆவணங்களுக்கு இணையத்தில் பணம் கட்டும் முன்: எங்களுக்கு நேர்ந்தது

அயர்லாந்தில் பிறந்த ஒரே ஒரு பெண்ணின் பெற்றோர் யார் என்று கண்டுபிடிக்க, ஐந்து மாதங்களில் 711 ஆஸ்திரேலிய டாலரை ஓர் இணையதளத்துக்குக் கட்டினோம். அவர்கள் காசுக்கு விற்ற ஆவணங்களில் பெரும்பாலானவற்றை அயர்லாந்து அரசு நிறுவனங்கள் இலவசமாகவே வைத்திருக்கின்றன என்பது பணம் போன பிறகுதான் தெரிந்தது. அயர்லாந்து வழிவந்த குடும்பங்களில் திருமணம் செய்துகொண்டு மெல்பர்னிலும் டப்ளினிலும் டொராண்டோவிலும் வாழ்கிற தமிழர்கள் இன்று கணிசமாக இருப்பதால், அவர்களில் யாராவது இதே தேடலில் இறங்கும் முன் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

என் மாமியாருக்கு எண்பது வயது நிறைவடைவதை ஒட்டி, அவருடைய கொள்ளுப்பாட்டியின் கதையைத் தொகுத்துக் கொடுக்க வேண்டும் என்று நானும் என் கணவரும் நினைத்தோம். குடும்பத்தில் எஞ்சியிருந்த செய்தி மிகக் குறைவு. பெயர் பிரிட்ஜெட் ரயன். ஊர் டிப்பரரி கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) எங்கோ. 1870-ஐ ஒட்டி, இருபது வயதுக்குள் கப்பலேறி மெல்பர்ன் வந்தார். 1923-இல் இங்கேயே இறந்தார். இவ்வளவுதான்.

தேடுபொறியில் முதலில் வந்த தளத்தின் பெயரும், பச்சை நிற முகப்பும், அதில் இருந்த, அயர்லாந்து அரசின் சின்னமான யாழும் ஏதோ அரசு ஆவணக்காப்பகத்துக்குள் நுழைகிறோம் என்ற எண்ணத்தையே தந்தன. ஏழு நாள் சோதனைக்கு 2 டாலர் என்றார்கள். அந்த ஏழு நாள் முடிவதற்கு 48 மணி நேரம் முன்பே ரத்து செய்துவிட வேண்டும் என்ற நிபந்தனை, நான் படிக்காமல் ஒப்புக்கொண்ட நீண்ட விதிமுறைப் பக்கத்தின் அடியில் இருந்தது. ஆறாம் நாள் ரத்து செய்யப் போனபோது கணக்குப் பக்கத்தில் அதற்கான பொத்தானே இல்லை. தொலைபேசியில் அழைக்கச் சொன்னார்கள், அவர்கள் அலுவலக நேரமோ எங்களுக்கு நள்ளிரவு. மறுநாள் கடன் அட்டையிலிருந்து ஓராண்டுச் சந்தாவாக 229 டாலர் எடுக்கப்பட்டது. வங்கி அறிக்கையில் அந்தத் தொகை வேறொரு நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருந்ததால், அது என்ன செலவு என்று புரியவே எனக்குச் சில நாள்கள் பிடித்தன.

போனது போகட்டும், கட்டிய பணத்துக்காவது தேடலாம் என்று உட்கார்ந்தால், அயர்லாந்து ஆவணங்கள் அந்தச் சந்தாவில் அடங்கவில்லை. அவற்றைப் பார்க்கத் தனியாகக் கிரெடிட் வாங்க வேண்டுமாம். டிப்பரரி, பிரிட்ஜெட் ரயன் என்று கொடுத்ததும் 418 முடிவுகள் வந்தன. டிப்பரரியில் ரயன் என்ற குடும்பப்பெயர் எந்த அளவுக்கு மலிந்தது என்றால், ஒரு ரயன் வீட்டை இன்னொன்றிலிருந்து பிரித்தறியப் பட்டப்பெயர் சேர்த்தே அழைத்திருக்கிறார்கள்; பத்தொன்பதாம் நூற்றாண்டின் நில மதிப்பீட்டு ஏடுகளிலேயே அந்தப் பட்டப்பெயர்கள் இடம்பெற்றுள்ளன. அப்படிப்பட்ட ஊரில் ஒருவரை அடையாளம் காண உதவுபவை பெற்றோர் பெயர், பங்கு (ஒரு கத்தோலிக்க ஆலயத்தின் எல்லைக்குட்பட்ட பகுதி), பிறந்த ஆண்டு ஆகிய மூன்றும்தான். அந்த மூன்றையும் மங்கலாக்கி மறைத்துவிட்டு, பெயரையும் கவுண்டியையும் மட்டும் காட்டினார்கள். ஒரு முடிவைத் திறக்க 5 கிரெடிட். 20 கிரெடிட் 30 டாலர். 90 நாளில் பயன்படுத்தாவிட்டால் காலாவதி. நமக்கு வேண்டியவர் இவரா என்று தெரிந்துகொள்ளவே ஒவ்வொரு முறையும் ஏழரை டாலர் கட்ட வேண்டியிருந்தது. மூன்று தவணையாக 90 டாலர் கட்டிப் பன்னிரண்டு பேரைத் திறந்து பார்த்தேன். ஒருவர்கூட எங்கள் பிரிட்ஜெட் இல்லை.

அந்தப் பன்னிரண்டில் ஐந்து, 1864-க்குப் பிந்தைய அரசுப் பிறப்புப் பதிவுகள். இங்கே என் அறியாமைக்கும் பங்கு உண்டு. அயர்லாந்தில் எல்லா மதத்தினருடைய பிறப்பு, இறப்பு, திருமணங்களையும் அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1864 ஜனவரி 1 அன்றுதான். அதற்கு முன் 1845 ஏப்ரல் முதல் கத்தோலிக்கர் அல்லாதோரின் திருமணங்கள் மட்டுமே பதிவாயின. 1850-ஐ ஒட்டிப் பிறந்த கத்தோலிக்கப் பெண் ஒருவருக்கு அரசுப் பிறப்புப் பதிவு என்ற ஒன்றே இருக்க முடியாது. அவருடைய பிறப்புக்கு நேரடிச் சான்றாகக் கிடைக்கக்கூடியது பங்கு ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவு மட்டும்தான். நான் கொடுத்த ஆண்டைத் தளமே சத்தமில்லாமல் இருபது ஆண்டு அகலமாக்கிக்கொண்டு, இருக்கவே முடியாத ஆவணத்துக்கான முடிவுகளையும் எண்ணிக்கையில் சேர்த்துக் காட்டியிருந்தது. 418 என்ற எண் என்னைக் கிரெடிட் வாங்க வைத்ததே தவிர வேறெதற்கும் உதவவில்லை.

முகப்பில் இன்னொரு விளம்பரம் இருந்தது: 1821 முதல் 1911 வரை அயர்லாந்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள். படிப்பவர்களுக்குப் பத்துக் கணக்கெடுப்புகளும் முழுமையாக இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் 1861, 1871 ஆண்டுகளின் குடும்பப் படிவங்களை அரசே அந்தக் காலத்திலேயே அழித்துவிட்டது. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாக்கப்பட்டன. 1821 முதல் 1851 வரையிலானவை, 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் பொது ஆவணக்காப்பகம் வெடித்து எரிந்தபோது ஏறத்தாழ முற்றிலுமாக அழிந்தன. தப்பிய துண்டுகள் கேவன், ஆன்ட்ரிம் போன்ற சில கவுண்டிகளின் சில பகுதிகளுக்கு உரியவை. டிப்பரரிக்காரருக்கு அந்த விளம்பர வரியில் உண்மையாகப் பயன்படுபவை 1901, 1911 ஆகிய இரண்டு மட்டுமே. அந்த இரண்டையும் அயர்லாந்தின் தேசிய ஆவணக்காப்பகம், குடும்பத் தலைவர் கையெழுத்திட்ட படிவத்தின் படத்தோடு, இலவசமாகத் தருகிறது. நான் பணம் கட்டிய தளத்திலோ படமே இல்லை. யாரோ தட்டச்சு செய்த ஒரு வரிதான் இருந்தது.

இதற்குப் பிறகாவது நாங்கள் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. 'எங்கள் நிபுணர் உங்களுக்காகத் தேடுவார்' என்ற மின்னஞ்சலை நம்பி 390 டாலர் கட்டினோம். ஆறு வாரம் கழித்து வந்த 24 பக்க அறிக்கையில் ஒன்பது பக்கம் 1840-களில் அயர்லாந்தைத் தாக்கிய பெரும் பஞ்சத்தின் பொது வரலாறு. இன்னொரு பக்கம் முழுக்க 'ரயன் குடும்பச் சின்னம்' என்று வண்ணத்தில் அச்சிட்ட கேடயப் படம். அத்தகைய சின்னம் ஒரு தனிமனிதருக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும் வழங்கப்படுவது. ஒரு குடும்பப்பெயரைத் தாங்கிய எல்லோருக்கும் பொதுவானதல்ல. அதை முறைப்படி வழங்கவும் பதிவு செய்யவும் டப்ளினில் தலைமைச் சின்ன அதிகாரியின் அலுவலகம் என்றே ஒன்று இருக்கிறது. கேடயத்தைக் கண்டதும் அறிக்கையைச் சந்தேகித்திருக்க வேண்டிய நாங்கள், கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

அறிக்கையின் முடிவுப்படி பிரிட்ஜெட்டின் தாயார் ட்வையர் குடும்பத்துப் பெண். அதைச் சரிபார்க்கத்தான் மெல்பர்ன் அமைந்த விக்டோரியா மாநிலப் பதிவகத்திலிருந்து 1923-ஆம் ஆண்டு இறப்புச் சான்றிதழை இறக்கினோம். அதற்கான கட்டணம் அறிக்கையின் விலையில் ஒரு சிறு பங்கே. விக்டோரியாவின் பழைய இறப்புச் சான்றிதழ்கள் தகவல் செறிந்தவை. தந்தையின் பெயர், தொழில், தாயின் பிறந்தகப் பெயர், பிறந்த இடம், இந்த மாநிலத்தில் வாழ்ந்த ஆண்டுகள் வரை அவற்றில் இருக்கும். தாயின் பிறந்தகப் பெயர் ஹேஸ் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அதாவது, தேடலின் முதல் நாளிலேயே எடுத்திருக்க வேண்டிய ஆவணத்தை நாங்கள் கடைசியாக எடுத்தோம். நிபுணர் என்பவர் கடைசி வரை எடுக்கவே இல்லை. அறிக்கை சுட்டிய பிரிட்ஜெட், அதே ட்வையரின் மகள், 1876-இல் டிப்பரரியிலேயே திருமணம் செய்துகொண்டதாகத் தெரிகிறது. அந்தத் திருமணப் பதிவின் படமும் இலவசம்தான்.

அதன் பின் நாங்களே தேடினோம். விக்டோரியா பொது ஆவணக்காப்பகத்தில் 1839 முதல் 1871 வரை அரசு உதவியுடன் கப்பலேறி வந்தவர்களின் பட்டியலை இலவசமாகத் தேடலாம். 1869-இல் வந்த, டிப்பரரியைச் சேர்ந்த 18 வயதுப் பிரிட்ஜெட் அங்கே கிடைத்தார். இறப்புச் சான்றிதழில் இருந்த ஊர்ப்பெயர், இங்கே யாரோ காதால் கேட்டு எழுதிய குழப்பமான எழுத்துக்கூட்டு. அயர்லாந்தில் டவுன்லேண்ட் எனப்படும் சிறு நிலப்பிரிவுகள் 60,000-க்கும் மேல் இருக்கின்றன; ஒரே பெயர் பல இடங்களில் வரும். 1847-க்கும் 1864-க்கும் இடையில் ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் நடந்த நில மதிப்பீட்டின் ஏடுகளும் வரைபடங்களும் அயர்லாந்தின் பொது நூலகங்கள் நடத்தும் தளத்தில் இலவசம். அந்த ஊர்ப்பெயரோடு ஒத்துப்போன மூன்று டவுன்லேண்டுகளில், ரயன், ஹேஸ் ஆகிய இரு பெயர்களும் அக்கம்பக்கமாக வாழ்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான்.

அங்கிருந்து பங்கைக் கண்டுபிடிப்பதில்தான் உண்மையான உழைப்பு இருந்தது. நில ஆவணங்கள் குறிப்பிடும் அரசு நிர்வாக எல்லையும் கத்தோலிக்கப் பங்கின் எல்லையும் ஒன்றல்ல. பதிவு மாவட்டங்களோ கவுண்டி எல்லையையே தாண்டிப் போகும். அயர்லாந்தின் தேசிய நூலகம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகளை, பெரும்பாலும் 1880 வரை, 2015 முதல் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஆனால் அந்தத் தளத்தில் பெயரைக் கொடுத்துத் தேட முடியாது. பங்கையும் ஆண்டையும் மாதத்தையும் தேர்ந்தெடுத்து, நுண்படத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் பக்கங்களை ஒவ்வொன்றாகத்தான் புரட்ட வேண்டும். மை கசிந்த பக்கங்களும், பங்குத்தந்தைகளின் அவசரக் கையெழுத்தும் போதாதென்று, பல பதிவேடுகள் லத்தீனில் இருக்கின்றன; ஜேம்ஸ் ஜாக்கோபஸ் ஆகவும், வில்லியம் குலியெல்மஸ் ஆகவும், பிரிட்ஜெட் பிரிஜிடா ஆகவும் இருப்பார்கள். நான்கு இரவுகள் புரட்டிய பின், 1850-ஆம் ஆண்டு நவம்பரில் ரயனுக்கும் ஹேஸுக்கும் பிறந்த பிரிஜிடாவின் ஞானஸ்நானம், இரண்டு ஞானப்பெற்றோர் பெயர்களோடு கிடைத்தது. அதே பக்கங்களில் அவருடைய தம்பியும் இருந்தார்.

அந்தத் தம்பியை 1901, 1911 கணக்கெடுப்புகளில் தேடியபோது அவர் வயது பத்தாண்டுகளில் பதினைந்து கூடியிருந்தது. முதலில் வேறு ஆளோ என்று விட்டுவிடப் பார்த்தோம். 1909 முதல் 70 வயதானோருக்கு முதியோர் ஓய்வூதியம் வந்ததும், அயர்லாந்தில் பலருடைய வயது இப்படித் திடீரென ஏறியதைப் பிறகு படித்தோம். குழந்தையின் பிறப்பைத் தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால், ஞானஸ்நான நாளுக்குப் பிந்தைய ஒரு பிறந்தநாளைப் பெற்றோர் பதிவாளரிடம் சொன்ன கதைகளும் உண்டு. இப்படிப்பட்ட ஆவணங்களில் வயதை இம்மி பிசகாமல் பொருத்தி முடிவு காட்டும் எந்தத் தளமும் சரியான ஆளைத் தவறவிடும்.

அரசுப் பதிவுகளைப் பொறுத்தவரை, ஐரிஷ் ஜீனியாலஜி என்ற அரசுத் தளம் நூறாண்டு கடந்த பிறப்புகளையும், 75 ஆண்டு கடந்த திருமணங்களையும், 50 ஆண்டு கடந்த இறப்புகளையும் பதிவேட்டுப் பக்கப் படத்தோடு இலவசமாகத் தருகிறது. 1922-க்கு முந்தையவற்றில் இன்றைய வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளும் அதில் அடங்கும். அவற்றுக்காக வேறெங்கும் கட்டணம் செலுத்தும் முன் அங்கே பார்த்துவிட வேண்டும். கெர்ரி, டப்ளின் நகரம் போன்ற சில பகுதிகளின் ஆலயப் பதிவுகளும் அதே தளத்தில் இருக்கின்றன. டிப்பரரிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

எல்லாக் கட்டணத் தளங்களும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. பங்குப் பதிவேடுகளைப் பெயர்வாரியாகப் பட்டியலிட மனித உழைப்பு வேண்டும், அதற்குக் கட்டணம் கேட்பதில் தவறில்லை. பெற்றோர் பெயரும் கவுண்டியும் கையில் வந்த பிறகு, அப்படியொரு தளத்தில் ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தால் எங்கள் நான்கு இரவுகளில் மூன்று மிஞ்சியிருக்கும். ஆனால் பணம் கட்டும் முன் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: உங்களுக்கு வேண்டிய பங்கின் எந்த ஆண்டுகள் அவர்களிடம் உள்ளன, மூலப் பக்கத்தின் படம் கிடைக்குமா, ரத்து செய்வது எந்தப் பக்கத்தில், எந்த நாளுக்குள்? எங்கள் தளத்திடம் முதல் கேள்வியை நான் பிற்பாடு கேட்டபோது, 'பதிவுகள் தொடர்ந்து சேர்க்கப்படுகின்றன' என்ற ஒற்றை வரிதான் பதிலாக வந்தது.

எங்கள் வங்கி தலையிட்டதால் சந்தாவில் 150 டாலர் திரும்பியது. கிரெடிட்களை முழுக்கச் செலவழித்துவிட்டதால் அந்தப் பணம் திரும்பவில்லை. அறிக்கைக்குக் கட்டிய 390 டாலர் 'சேவை வழங்கப்பட்டுவிட்டது' என்ற காரணத்தால் திரும்ப வராதாம். கணக்கை மூடச் சொல்லி இரண்டு முறை எழுதிய பிறகும், ட்வையரின் மகள் பிரிட்ஜெட்டைப் பற்றிப் புதிய தகவல்கள் கிடைத்திருப்பதாக வாரம் ஒரு மின்னஞ்சல் எங்களுக்கு வந்துகொண்டே இருக்கிறது.