கேரேஜ் கதவின் ரப்பர் பட்டிகள்: இருமுறை மாற்றிய அனுபவம்

எங்கள் கேரேஜ் கதவு 16 அடி அகலம் கொண்டது. நான்கு பலகைகள் கீல்களால் இணைக்கப்பட்டு, மோட்டாரின் இழுப்பில் மடிந்து கூரையை ஒட்டி ஏறிக்கொள்ளும் வகை. அதன் அடி ரப்பரையும் பக்கவாட்டுப் பட்டிகளையும் 6 ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை நானே மாற்றினேன். அடி ரப்பரை மட்டும் 2 ஆண்டுகளிலேயே மறுபடியும் மாற்ற வேண்டியதாயிற்று. முதல் முறை குறைகூற ரப்பர்தான் கிடைத்தது என்றாலும், குறையில் பெரும்பங்கு என் அளவிலும் என் அவசரத்திலும் இருந்தது என்பதை இரண்டாம் முறை வேலை செய்தபோதுதான் உணர்ந்தேன். இரண்டாவதாகப் போட்ட ரப்பர் இப்போது 4 ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது.

மாற்றும் எண்ணம் வந்தது ஒரு மழைக்குப் பிறகு. கதவு மூடியே இருந்தும், உள்ளே முழ நீளத்துக்கு நீர் பரவிக் கிடந்தது. பகல் வேளையில் கதவை மூடி, விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நின்று பார்த்தேன். இடது மூலையில் ஒரு விரல் தடிமனுக்கும், நடுவில் நூல் போலவும், வலது நிலைச்சட்டத்தின் ஓரமாக மேலிருந்து கீழ் வரைக்கும் வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சம் தெரியாத இடங்களையும் நம்பிவிட முடியாது. ரப்பருக்கு அடியில் ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை இறக்கி, அதை இழுத்துப் பார்க்க வேண்டும். தடையே இல்லாமல் காகிதம் உருவிக்கொண்டு வந்தால் அங்கே ரப்பர் தரையை அழுத்தவில்லை என்று பொருள். தச்சர் கணக்கில் இரண்டு நூல், அதாவது சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே சுண்டெலி நுழைந்துவிடும் என்பதால், அந்த மூலையை இனிமேலும் அப்படியே விட மனம் வரவில்லை.

அளவெடுப்பதில்தான் முதல் சறுக்கல். எங்கள் கதவின் அடியில் ஓர் அலுமினியச் சட்டம் இருக்கிறது. அதில் இரண்டு காடிகள். ரப்பரின் இரு விளிம்புகளும் ஆங்கில T எழுத்தின் வடிவில் தடித்து, அந்தக் காடிகளுக்குள் ஓடி உட்கார்ந்துகொள்ள, நடுப்பகுதி தொட்டில்போல் கீழே தொங்கும். அந்தத் தடித்த விளிம்பு இரண்டு நூலா, இரண்டரை நூலா என்பதே முதலில் தெரிய வேண்டும். அரை நூல் வித்தியாசத்தில் ஒன்று காடிக்குள் நுழையவே நுழையாது, மற்றொன்று நுழைந்தபின் நழுவி விழும். நானோ தொங்கும் நிலையிலேயே அகலத்தை அளந்து வாங்கினேன். பழைய ரப்பரில் ஒரு சாண் வெட்டியெடுத்து, மேசையில் தட்டையாக விரித்து, விளிம்புக்கு விளிம்பு அளந்திருக்க வேண்டும். அகலம் போதாத ரப்பர் இடது மூலைப் பள்ளத்தை எட்டவேயில்லை.

பொருளைத் தேர்ந்தெடுத்ததிலும் அப்போது விலையை மட்டும்தான் பார்த்தேன். முதலில் போட்டது பிவிசி. புதிதில் நன்றாக வளைந்தது. பிவிசியை மென்மையாக வைத்திருக்கும் சேர்மானம் வெயிலிலும் சூட்டிலும் மெல்ல வெளியேறிவிடுவதால் அது நாளடைவில் விறைத்துப்போகும். குளிர் நாட்களில் அந்த விறைப்பு இன்னும் கூடும். இரண்டாம் ஆண்டு முடிவில் விரலால் அழுத்தினால் குழி விழுவதற்குப் பதிலாக மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தது. அடுத்து போட்டது ஈபிடிஎம் ரப்பர். கார் கதவுகளைச் சுற்றி ஓடும் பட்டிகளும் பெரும்பாலும் இந்த வகைதான். சூரிய ஒளியையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும். கடும் குளிரிலும் நெகிழ்வு குறையாது. இதற்கு ஒரே எதிரி பெட்ரோலிய எண்ணெய். கதவின் கீல்களுக்கு எண்ணெய் தெளித்தபோது வலது ஓரத்தில் ரப்பரின்மேல் கொஞ்சம் வழிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. சில மாதங்களில் அந்த இடம் மட்டும் ஊறி உப்பி, கையில் ஒட்டும் பதத்துக்கு வந்துவிட்டது. இன்றும் அந்த நான்கு விரல் நீளம் அலையலையாகத்தான் இருக்கிறது. ரப்பருக்கு ஏதாவது தெளித்தே ஆக வேண்டுமென்றால் சிலிகான் தெளிப்பு போதும்.

வேலை என்று பார்த்தால் கடினமானதல்ல; ஆனால் எதைத் தொடக்கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும். கதவின் மேலே இருக்கும் முறுக்குச் சுருள்வில் கதவின் எடை முழுவதையும் சுமக்கும் அளவுக்கு இறுகியிருக்கும். அடிப் பலகையின் இரு மூலைகளிலும் கம்பிவடத்தைப் பிடித்திருக்கும் தாங்கிகளும் அதே இழுவிசையில்தான் இருக்கின்றன. ரப்பருக்கு வழிவிட வேண்டும் என்று அந்தத் தாங்கியின் திருகைக் கழற்றினால் கை போய்விடும். ஆகவே கதவை மூடிய நிலையில் மோட்டாரின் மின்னிணைப்பை எடுத்து, கதவை மோட்டாரிலிருந்து பிரிக்கும் விடுவிப்புக் கயிற்றை இழுத்து, பிறகு கதவை இடுப்புயரத்துக்குக் கையால் தூக்கி, இருபுறத் தடங்களிலும் உருளைக்குக் கீழே பிடிப்பான்களை இறுக்கிக்கொண்டேன்.

காடியைச் சுத்தம் செய்ததுதான் அதிக நேரம் பிடித்தது. பழைய ரப்பரின் துணுக்குகள், மணல், அலுமினியத்தில் பூத்திருந்த வெள்ளைப் பொடி எல்லாம் சேர்ந்து இறுகிக் கிடந்தன. தட்டை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, நசுங்கியிருந்த காடி வாயைச் சற்றே விரித்துவிட்டேன். பிறகு சோப்பு நீர். என் மைத்துனர் ஒரு முனையில் நின்று ரப்பரை நேராக ஊட்ட, நான் மறுமுனையிலிருந்து வாங்கிக்கொண்டேன். “மாமா, இழுக்காதீங்க, நான் தள்ளிவிடுறேன், நீங்க வழி மட்டும் காட்டுங்க” என்று அவர் சொன்னது, முதல் முறை நான் தனியாளாகச் செய்ததற்கு நேர்மாறு. அப்போது பலங்கொண்ட மட்டும் இழுத்து, முனைகளைக் கதவின் அகலத்துக்குச் சரியாக வெட்டிவிட்டேன். இழுபட்ட பட்டி மூன்றே மாதங்களில் தன் இயல்பு நீளத்துக்குத் திரும்பி, இருபுறமும் விரற்கடை இடைவெளி விட்டது. இரண்டாம் முறை இரு முனைகளிலும் இரண்டு அங்குலம் மிச்சம் விட்டு, ஒரு வாரம் கதவைப் பயன்படுத்திய பிறகே வெட்டினேன். வெட்டியதும் காடியின் முனைகளைக் குறட்டால் லேசாக நெரித்து, ரப்பர் நகராதபடி செய்தேன்.

பக்கவாட்டுப் பட்டிகள் முதல் முறை போட்டவையே இன்றும் நன்றாக இருக்கின்றன. நிலைச்சட்டத்தில் ஆணியடிக்கும் பிவிசிச் சட்டமும் அதன் ஓரத்தில் வளையும் நாக்கும் கொண்டவை அவை. கதவை மூடி வைத்து, முதலில் மேற்பட்டியையும் பிறகு இரு பக்கங்களையும் பொருத்தினேன். நாக்கு கதவில் பட்டு இலேசாக வளைந்தால் போதும். அதிகம் அழுத்தினால் உராய்வு கூடி, மோட்டார் முனகத் தொடங்கும். வெயிலில் சூடான நாக்கு கதவின் வண்ணப்பூச்சில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். எனவே ஆணிகளைப் பாதி மட்டும் அடித்து, கதவை நான்கைந்து முறை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகே முழுதாக அடித்தேன்.

அடி ரப்பரைத் தடித்ததாக மாற்றியதும் எதிர்பாராத ஒரு தொல்லை வந்தது: கதவு தரையைத் தொட்டவுடன், ஏதோ இடறுகிறது என்று கருதித் தானாகவே மேலே ஏறிக்கொண்டது. மோட்டாரின் இறக்க எல்லையை, அதாவது கதவு இறங்கி நிற்கும் இடத்தை, சற்று உயர்த்தியதும் சரியாயிற்று. அழுத்த விசையை மட்டும் கூட்டி இதைச் சமாளிப்பது ஆபத்தானது; குழந்தையோ பூனையோ அடியில் சிக்கினாலும் கதவு நிற்காது. எல்லையைத் திருத்திய பிறகு, ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள கட்டையொன்றைத் தரையில் கிடத்தி, கதவு அதைத் தொட்டதும் திரும்புகிறதா என்று சோதித்தேன். இப்போதும் மாதம் ஒருமுறை இதைச் செய்கிறேன்.

தரையில் ஒட்டும் வாசல்பட்டியைப் பற்றி எனக்கு இரண்டு மனம். தளத்தில் பள்ளமிருந்தால், அரை அங்குலம் உயர்ந்த அந்த ரப்பர் மேடு கதவின் அடிக்கு இன்னொரு அணையாகிறது. நன்கு உலர்ந்த, எண்ணெய்ப் பிசுக்கற்ற சிமெண்ட்டில் பாலியூரித்தேன் பசையால் ஒட்டி, பசை இறுகும்வரை காரை ஏற்றாமல் வைத்திருந்தேன். சக்கரங்கள் தினமும் ஏறி இறங்கியும் 4 ஆண்டுகளில் அது பெயரவில்லை. வெளிநீர் உள்ளே வருவது நின்றுவிட்டது. ஆனால் உள்ளே கழுவிவிடும் நீரும் வெளியேறுவதில்லை. தளத்தின் வாட்டம் வெளிப்பக்கமாக இருப்பதால், முன்பு தானாக ஓடிய நீரை இப்போது துடைப்பத்தால் மேட்டைத் தாண்டித் தள்ள வேண்டியிருக்கிறது. காரை அடிக்கடி உள்ளேயே கழுவுகிறவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பலன் என்னவென்றால், தூசியும் சருகும் வெகுவாகக் குறைந்தன, எலிப் புழுக்கை கண்ணில் படவில்லை, கதவு இறங்கும்போது எழுந்த தகர ஓசை மந்தமாகிவிட்டது. வெப்பத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. காற்றோட்டத்தை ரப்பர் தடுக்கிறதே தவிர, ஒற்றைத் தகட்டுக் கதவு வெயிலில் காய்ந்து உள்ளே கடத்தும் சூட்டுக்கு அது எந்த வகையிலும் மருந்தல்ல.

போன வாரம் மீண்டும் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன். இடது மூலையில், நிலைச்சட்டத்தின் நாக்கும் அடி ரப்பரும் சந்திக்கும் இடத்தில், அரிசி அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. வெட்டி எடுத்து வைத்திருந்த ரப்பர் மிச்சத்தில் ஒரு சிறு துண்டைச் சீவி அங்கே செருகியிருக்கிறேன். அடுத்த மழையில்தான் அது போதுமா என்று தெரியும்.